நிறைகோல் எவர் கையில்?

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் முந்திரி விளைவிக்கும் உழவர், கொட்டையை மூட்டை கட்டி விற்பனைக்குக் கொண்டுசெல்லுங்கால், முதற்கண் நோக்குவது வாங்குவோரின் முகத்தையன்று. அவர் முன்வைக்கும் நிறைகோலையே ஆகும். கல்லில் முத்திரை உள்ளதா, வெறுங்கோல் சுழியத்தில் நிற்கின்றதா என்று பார்த்த பின்னரே மூட்டையை இறக்குவார். ஐயம் எழுமாயின் வேறொரு கோலில் நிறுத்துப் பார்ப்பார். அதற்கு வணிகரிடம் இசைவு வேண்டி நிற்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் இவ்வியல்பான உரிமையின் மேல் எழுந்ததே. முத்திரையிடப்படாத எடைக்கல்லை வணிகத்தில் எடுத்தாளுதல் அச்சட்டத்தின்படி குற்றமாகும். நிறுப்பவர் வேறு, கல்லுக்குப் பொறுப்பாவார் வேறு என்னும் பாகுபாட்டின் மேல்தான் ஊர்ச்சந்தை நடைபெறுகின்றது.

அதே உழவர், நிலத்தின் பட்டாவுக்கோ, பிள்ளையின் வருமானச் சான்றுக்கோ, 'இ-சேவை' என்று அரசு பெயர்சூட்டியுள்ள நடுவத்தில் ஒரு கணிப்பொறியின் முன்னர் அமர்கின்றார். ('மின்பணி' என்று சொல்லியிருப்பின் அரசின் நா சுளுக்கிக்கொண்டிருக்குமோ, அறியோம்!) அங்கே அவருடைய விழிப்பு எங்கே போகின்றது? போவது அவர் குற்றமன்று. கோல் எது, கல் எது, நிறுப்பவர் எவர் என்பது அங்கே காட்டப்படுவதே இல்லை. அன்றியும், கல்லை நிறுப்பவரே மாற்றிவைக்கும் ஏந்து அங்கே தொடக்கத்திலிருந்தே தரப்பட்டுள்ளது. பெரும்பாலோர் அறியாத இவ்வுண்மையை எளிய தமிழில் விளக்கவேண்டுவது முதற்கடன்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் கருவிக்கு உலாவி என்று பெயர். அஃது அமர்ந்திருப்பவரின் பணியாள். வலைத்தளத்தின் பக்கமோ வெளியிலிருந்து வரும் விருந்தாள். விருந்தாள் தன்னோடு சில கட்டளைகளைக் கொண்டுவருகின்றான். அக்கட்டளைகள் எழுதப்படும் மொழிக்கு யாவாசிகிரிப்டு என்று பெயர். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் நெட்சுகேப்பு நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாளில் அதன் முதல் வடிவை ஆக்கினார். படிவங்களைச் சரிபார்த்தல், படங்களை மாற்றிக்காட்டல் போன்ற சிறுபணிகளுக்கென்று எழுந்த அம்மொழி, இற்றைநாளில் வங்கியையும் வழக்குமன்றத்தையும் பள்ளித் தேர்வையும் தாங்கி நிற்கின்றது. பத்து நாளில் கட்டிய பந்தலின்மேல் ஏழடுக்கு மாளிகை எழும்பியவாறு!

அம்மொழிக்கென்று உலாவியில் உள்ளமைந்த செயற்கூறுகள் பலவுள. பட்டியலை வரிசைப்படுத்துவது ஒன்று; எழுத்துக் கோவையை வெட்டி ஒட்டுவது ஒன்று; வழங்கிக்குச் செய்தி அனுப்புவது ஒன்று; நாளையும் நேரத்தையும் கூறுவது ஒன்று; நிரலாளர் பார்வைக்கெனக் குறிப்பெழுதுவது மற்றொன்று. இவையே கணிப்பொறியின் படிக்கற்கள். ஆனால், வரும் பக்கம் ஒவ்வொன்றும் இப்படிக்கற்களில் எதனையும் எடுத்தெறிந்துவிட்டு, அதே பெயரில் தான் செய்த கல்லை அவ்விடத்தில் வைக்கலாம். உலாவி தடுப்பதில்லை. அந்தப் பக்கம் மூடப்படும் வரையில், அப்பக்கத்தினுள் அப்பெயரைச் சொல்லி எவர் அழைத்தாலும் விடையிறுப்பது புதுக்கல்லே. வேறு பக்கங்களை இம்மாற்றம் தீண்டுவதில்லை என்பது உண்மை. ஆயினும், மூட்டை நிறுக்கப்படுவது இந்தக் கடையிலன்றோ? அடுத்த கடையின் கல் செவ்விதாக இருப்பதால் இங்கு விற்பவர்க்கு ஆவதென்ன?

இவ்வேந்து முற்றிலும் தீங்கெழுந்த இடமன்று. நடுநின்று நோக்குவார் இதனையும் எண்ணுதல் வேண்டும். பழைய உலாவியில் இல்லாத செயற்கூற்றைப் பக்கமே இட்டு நிரப்பிக்கொள்ள இது துணைசெய்தது. பழைய கணிப்பொறி வைத்திருந்த எளியோர்க்கும் புதிய பக்கங்கள் இயங்கியமைக்கு இதுவும் ஒரு கரணியம். ஆனால், நன்மைக்கென்று திறந்த வாயில் பிறகு எவராலும் மூடமுடியாத வாயிலாயிற்று. 2018-ஆம் ஆண்டில் யாவாசிகிரிப்டின் பொதுத்தரத்தை வகுப்போர், அடுக்குப் பட்டியலைத் தட்டையாக்கும் ஒரு செயற்கூற்றைப் புதிதாகச் சேர்க்க முனைந்தனர். பன்னாட்டுத் தரக்குழுவன்றோ, தான் விரும்பிய பெயரை வைக்கலாகாதா? வைக்க இயலவில்லை. மூடூல்சு என்னும் பழைய நிரல்தொகுப்பு, பல்லாண்டுகட்கு முன்னரே அதே பெயரில் தன் சொந்தக் கல்லை உள்ளமைந்த கற்களுக்கிடையே வைத்திருந்தது. அதனை நம்பியிருந்த பழைய வலைத்தளங்கள் உடைந்தன. இறுதியில் தரக்குழுவே தன் பெயரைச் சுருக்கி மாற்றிக்கொண்டு பின்வாங்கிற்று. கடைக்காரர் வைத்த கல்லுக்கு அஞ்சி எடையளவுத் துறை தன் முத்திரையை மாற்றிக்கொண்ட கதை இது.

கல் மாறியதா என்று கண்டறிய வழியில்லையா எனின், ஒருவழி உண்டு. ஒரு செயற்கூற்றை அழைத்து, 'நின் உள்ளுரை யாது?' என்று கேட்கலாம். உலாவிக்கே உரியதாயின், அது தன் நிரலைக் காட்டாமல், 'இஃது உள்ளுறை நிரல்' என்னும் பொருள்படும் ஆங்கிலக் குறிப்பொன்றைத் தரும். அதுதான் முத்திரை. ஆனால் கொடுமை யாதெனின், உள்ளுரை கேட்கும் அந்தச் செயற்கூறும் ஓர் உள்ளமைந்த செயற்கூறே. அதனையும் பக்கம் மாற்றிவைக்கலாம். மாற்றிவைத்தபின், பொய்க்கல்லைக் காட்டி வினவினாலும் 'உள்ளுறை நிரல்' என்றே விடை வரும். கள்ளக்கல் செய்தவன் கையிலேயே முத்திரை குத்தும் அச்சும் இருக்குமாயின், அங்கே ஆய்வுக்கு என்ன மதிப்பு?

இனிப் பிழையாய்வுக்கு வருவோம். உலாவி ஒவ்வொன்றிலும் நிரலாளர் கருவிகள் என்று ஒருபகுதி உண்டு. பெரும்பாலான கணிப்பொறிகளில் எஃப்-12 விசையை அழுத்தினால் அது திறக்கும். பக்கத்தின் மூலநிரல், அது எங்கெங்கே செய்தி அனுப்புகின்றது, யாதென்ன பிழை நேர்ந்தது என்பனவெல்லாம் அங்கே காணலாம். முனையம் என்னும் இடத்தில் தாமே கட்டளை எழுதிப் பார்க்கலாம். கணிப்பொறியின் உரிமையாளர் தம் வீட்டின் கதவைச் சார்த்திக்கொண்டு, வந்த விருந்தாளின் மூட்டையைச் சரிபார்க்கும் அறை என்று அதனைக் கொள்ளலாம். அங்கே நிகழ்வது உரிமையாளர்க்கும் அவர்தம் உலாவிக்கும் இடையேயுள்ள உரையாடல். மூன்றாமவர்க்கு அங்கு வேலையில்லை.

வேலையில்லை என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் நடப்பது வேறு. முனையத்தில் எழுதும் கட்டளை, அப்பக்கத்தின் உலகினுள்ளேதான் நிறைவேற்றப்படுகின்றது. ஆதலின், ஆராய்பவர் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னாலும், ஒரு குறிப்பை எழுதச் சொன்னாலும், அச்சொல்லுக்கு எழுந்துவருவது பக்கம் மாற்றிவைத்த கல்லாக இருக்கலாம். அக்கல் விடையைத் தரும்போதே, 'இன்னார் இன்னதை ஆராய்கின்றார்' என்று தன் தலைவனுக்குச் சொல்லியும் அனுப்பலாம். சில பக்கங்கள் குறிப்பெழுதும் செயற்கூற்றையே வாயடைத்துவிடுகின்றன. எழுதச் சொன்னால் ஒன்றும் எழுதாது. இந்நிலை கண்டே பயர்பாக்சு உலாவி, 'இப்பக்கத்தின் நிரல் குறிப்பெழுதும் ஏந்தை முடக்கியுள்ளது' என்று முனையத்தில் எச்சரிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது.

அறைக்குள் ஆள் இருப்பதைக் கதவிடுக்கால் மோப்பம் பிடிக்கும் வழிகளும் பல. கருவிப்பகுதி சாளரத்தின் ஓரத்தில் திறந்தவுடன் பக்கத்திற்கென்று உள்ள இடம் சுருங்குகின்றது. வெளியளவையும் உள்ளளவையும் கழித்துப் பார்த்துக் 'கருவி திறந்துள்ளது' என்று பக்கம் அறிந்துகொள்கின்றது. இன்னொன்று: பிழையாய்வுக்கென நிரலை நிறுத்தும் கட்டளையைப் பக்கமே ஓயாது இடுகின்றது. கருவி மூடியிருப்பின் அக்கட்டளை பயனற்றுக் கடந்துபோகும். திறந்திருப்பின் நிரல் நின்றுவிடும். நின்ற நேரத்தை அளந்தால் உண்மை வெளிப்படும். ஆராய்பவர்க்கும் அடி எடுத்துவைக்க முடியாமற் போகும். மூன்றாவதாக, எவரேனும் பார்த்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் ஒரு பொருளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல். முனையம் அப்பொருளைக் காட்டப்புகுந்தவுடன் அது விழித்துச் செய்தி சொல்லிவிடும். கதவின் கீழ் மாவைத் தூவிவைத்து அடிச்சுவடு பார்க்கும் ஒற்றர் வேலைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

இவை யாவும் பாதுகாப்பின் பொருட்டே என்று தளத்தார் கூறுவர். அக்கூற்றில் ஒருபகுதி மெய் உண்டு. முகநூலில் ஏமாற்றுக்காரர், 'இவ்வரியை முனையத்தில் ஒட்டினால் இன்னது கிடைக்கும்' என்று ஆசைகாட்டி, ஒட்டியவரின் கணக்கையே கவர்ந்துகொண்ட நிகழ்ச்சிகள் பல. அதனைத் தடுக்க 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகநூல் நிறுவனம், தன் பயனாளர் சிலர்க்கு முனையத்தையே முடக்கிவைத்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால், திருடன் வருகின்றான் என்று சொல்லி விருந்தாள் வீட்டுக்காரரின் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது முறையாகுமா? பூட்டவேண்டியவர் வீட்டுக்காரர், அவர் பொருட்டுப் பூட்டவேண்டியது அவர்தம் உலாவி. இன்று பயர்பாக்சும் குரோமும், அறியாதார் முனையத்தில் எதையேனும் ஒட்டப்புகுந்தால், தாமே தடுத்து எச்சரித்து, தெளிந்து ஒப்புக்கொண்ட பின்னரே இடந்தருகின்றன. காவல் உரிய இடத்திற்கு வந்துவிட்டது. இனித் தளத்தார்க்கு அந்தச் சாக்கும் இல்லை.

சாக்குகளின் தலையாய ஒன்றை இங்கே சொல்லாமற் போதல் கூடாது. 2022-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், டிக்டாக் செயலியின் உள்ளுலாவி, அதனூடே திறக்கும் பிறருடைய பக்கங்களில் தன் நிரலைச் செருகுகின்றது என்பதையும், அந்நிரல் விசையழுத்தம் ஒவ்வொன்றையும் கண்காணிக்க வல்லது என்பதையும் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். (இந்திய அரசு அச்செயலியை 2020 சூனிலேயே தடைசெய்துவிட்டது.) அந்நிறுவனம் தந்த விளக்கம் யாது? அந்நிரல் இருப்பது உண்மையே. ஆனால் பிழையாய்வுக்கும் கோளாறு நீக்கத்திற்கும் செயற்றிறம் அளப்பதற்கும் மட்டுமே என்பது! உரிமையாளர் தம் கணிப்பொறியில் பிழையாய்வு செய்தால் அது வேவு. நிறுவனம் பிறர் கைப்பேசியில் விசையழுத்தத்தை நோட்டமிட்டால் அது பிழையாய்வு. சொல்லைப் பறித்துக்கொள்வதில் இவர்கள் எத்துணைத் தேர்ந்தவர்கள்! அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னர், 2017-இல், அமெரிக்காவின் பிரின்சுடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர்பெற்ற 50,000 தளங்களுள் 482 தளங்களில், பார்ப்போரின் சுட்டியசைவையும் விசையழுத்தத்தையும் முழுமையாகப் பதிவுசெய்து மீளவோட்டிப் பார்க்கும் நிரல்கள் இருந்தமையைக் கண்டறிந்தனர்.

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள் என்று தள்ளிவிடற்கில்லை. அண்டைக் கருநாடகத்தின் பெங்களூருவில் 2015 சூனில் (திருவள்ளுவராண்டு 2046) நடந்ததைக் கேட்க. அங்கு நிரலாளர் ஒருவர், ஏர்டெல் அலைபேசி இணைப்பின் வழியே தம் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்து, அதன் மூலநிரலைப் பார்த்தார். தாம் எழுதாத வரியொன்று அங்கே இருந்தது. மறையாக்கமின்றிச் சென்ற பக்கத்தில், வழியிலேயே எவரோ நிரல் செருகியிருந்தனர். அவர் கண்டதைக் கண்டவாறே கிட்ஃகப்பு தளத்தில் வெளியிட்டார். சில நாளில் அவர் கைக்கு வந்தது நன்றிமடலன்று. அந்நிரலுக்கு உரிமை கொண்டாடிய இசுரேல் நாட்டுப் பிளாசு நெட்வொர்க்சு நிறுவனத்தின் சார்பில் வழக்குரைஞர் விடுத்த அச்சுறுத்தல் மடல். காப்புரிமை முறையீட்டால் கிட்ஃகப்பிலிருந்தும் அவ்வெளியீடு நீக்கப்பட்டது. பயனாளர் எவ்வளவு தரவு செலவிட்டார் என்று அவர்க்குக் காட்டுவதற்கான முயற்சியே அது என்று ஏர்டெல் கூறிற்று. வழக்குரைஞர் மடலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் கூறிற்று.

எண்ணிப் பார்க்க! அவர் எவர் வீட்டிலும் புகவில்லை. எவர் பூட்டையும் உடைக்கவில்லை. தம் கருவியில் தம் பக்கத்தைத் தாம் பார்த்தார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில், கணிப்பொறியின் உரிமையாளர் இசைவின்றி அதில் கைவைத்தலைத் தவறென்கின்றது. அப்பிரிவை நேர்மையாகப் படிப்பார்க்கு, இசைவு வேண்டியிருந்தவர் செருகியவரா பார்த்தவரா என்பது விளங்காமற் போகாது. ஆனால் மடல் சென்றதோ பார்த்தவர்க்கு! 2017 ஆகத்து 24-ஆம் நாள் உச்ச வழக்குமன்றத்தின் ஒன்பது நடுவர் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2023-இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இவற்றுள் எதுவும், தன் கருவியினுள் வந்ததை ஆராய்வோரின் தனிமையைப் பெயர்சுட்டிக் காக்கவில்லை. ஆராய்தலும் ஒரு படிப்பே. படிப்பவர் எந்த ஏட்டைப் புரட்டுகின்றார் என்று தோளுக்குப் பின்னின்று எட்டிப் பார்ப்பது எவ்வகை அறம்?

தமிழில் எழுதுவோர்க்கு இதில் தனித்த இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை ஒருவர் தம் கணிப்பொறியில் நிறுவியிருக்கலாம். ஆனால், விசையழுத்தத்தை இடைமறித்துத் தானே பொருள்கொள்ளும் பக்கத்தில், அவர் அழுத்திய தமிழெழுத்து சிதைந்தோ மறைந்தோ போகின்றது. அப்பக்கம் எண்ணியது ஆங்கில விசைகளை மட்டுமே. இடைமறித்தல் எல்லாம் தீது என்பதும் பொருந்தாது. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்த் தட்டச்சுக்கென உள்ள நிரலும் விசைகளை இடைமறிப்பதே. ஆயினும் வேண்டாதார் அதனை அணைத்துவைக்கலாம். அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்துகிடக்கின்றது. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

வங்கிகளின் பக்கங்களில் வலச்சொடுக்கைத் தடுப்பதும், கடவுச்சொல்லை ஒட்டவிடாமல் தடுப்பதும் இன்னும் காணக்கிடைக்கின்றன. ஒட்டுதலைத் தடுப்பதால் காப்பு மிகுவதில்லை. நீண்ட, கடினமான கடவுச்சொல்லை வைத்துக்கொள்வோரையே அது துன்புறுத்துகின்றது. பிரித்தானிய அரசின் தேசிய இணையக் காப்பு நடுவம் 2017-லேயே 'ஒட்ட விடுங்கள்' என்று வெளிப்படையாக அறிவுறுத்திற்று. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் தர நிறுவனமும் அவ்வாறே வழிகாட்டிற்று. இங்கோ, பூட்டுப்போன்று தோன்றும் எதையும் பூட்டென்றே நம்பும் வழக்கம் நீங்கவில்லை.

இதனால் மிகுதியும் இழப்போர் யார் எனின், கற்கவரும் எளிய பிள்ளைகளே. செந்துறை போன்ற ஊரில் நிரலாக்கம் கற்பிக்கும் கல்லூரி அருகிலில்லை. பெருநகரப் பயிற்சிக் கட்டணமோ கைக்கெட்டாது. 2011-இல் தொடங்கி அரசு, அரசுதவிப் பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. அக்கணினி பெற்ற பிள்ளைக்கு, ஆசிரியரின்றிக் கற்பதற்கு இருந்த ஒரே பள்ளி, பிறர் எழுதிய பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்ப்பதுதான். உலகெங்கும் இணையம் கட்டியவர்களுள் பெரும்பகுதியினர் அவ்வாறு பார்த்துப் பார்த்தே கற்றனர். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலார் செந்துறைப் பகுதியில் தொன்மா முட்டைகளின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தனர். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணின்மேல் நடந்தவர்க்குத் தெரியாதிருந்தது, கிளறிப் பார்த்தவர்க்குத் தெரிந்தது. கிளறுவதற்குத் தடை இருந்திருப்பின் அந்த அறிவும் மண்ணோடே கிடந்திருக்கும்.

செய்யவேண்டுவது மலையைப் புரட்டும் வேலையன்று. பயர்பாக்சில் துணைநிரல்கள் பக்கத்தைப் பார்க்கும்போது, பக்கம் மாற்றிவைத்த கற்களை விலக்கி, உலாவியின் மூலக்கற்களையே காணும் ஓர் ஏற்பாடு உள்ளது. ஊடுகதிர்ப் பார்வை என்றே அதற்குப் பெயரிட்டுள்ளனர். குரோமும் துணைநிரல்கட்குத் தனித்த உலகொன்றை வகுத்துள்ளது. துணைநிரலுக்கு வாய்த்த இப்பார்வை, முனையத்தின் முன்னமரும் உரிமையாளர்க்கும் ஒரு தேர்வாக வேண்டும். மூலக்கல்லா மாற்றுக்கல்லா என்பதைப் பக்கத்தைக் கேட்டன்று, உலாவியைக் கேட்டே அறியும் வழியும், கருவிப்பகுதி திறந்ததைப் பக்கம் உணராவண்ணம் மறைக்கும் வழியும் வேண்டும். இவை உலாவி ஆக்குவோர் கையில் உள்ளன.

அரசின் கையில் உள்ளது அதனினும் எளிது. மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட பக்கத்தை அம்மக்கள் திறந்து பார்ப்பதற்குத் தடையிருத்தல் தகாது. பட்டாவுக்கும் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் உரிய பக்கங்களின் நிரல் முழுவதும் வெளியிடப்படல் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பாரேல், அரசுப் பக்கம் எதிலேனும் வலச்சொடுக்குத் தடையும் ஒட்டுதல் தடையும் இருப்பின், அவற்றை நீக்குவதற்கு ஓர் ஆணையும் நிரலாளர் ஒருவரின் ஒரு பிற்பகலுமே போதும்.